அப்படி ஆள் இங்கே இல்லை என்றேன்

கோணல் எழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கூச்சக்காரன். இதை எழுதித்தான் இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது.

என் மனைவியின் தம்பி பெங்களூரில் சிப் வடிவமைக்கும் இன்ஜினியர். தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தான். அவனுடைய அடையாள அட்டைகளில் இன்றும் எங்கள் தாயில்பட்டி முகவரிதான். சித்திரையில் போன் போட்டான். போட்டிக் கம்பெனி ஒன்று சொந்தமாகச் சிப் செய்யத் தொடங்கி, அவனையும் அவன்கூட வேலை பார்க்கிற நாலு பேரையும் இழுக்கிறதாம்.

“வேண்டாம்னாலும் விட மாட்டேங்காக மச்சான். பெரிய மேனேஜரே மூணு தடவ பேசிட்டாரு.”

“நல்லது மாப்ள,” என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று சோறு இறங்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மருந்து கலக்குகிறேன். எங்கள் தொழிலிலும் ஆள் இழுப்பு உண்டு. தீபாவளி முடிந்து கம்பெனி திறப்பதற்குள், மற்ற கம்பெனி போர்மேன்கள் வீடு தேடி வந்து நல்ல வேலைக்காரர்களைக் கூப்பிடுவார்கள். என் வாசலுக்கும் வந்திருக்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்க.

பத்து நாள் கழித்துக் கோடை மழை. ஈரத்தில் மருந்து கலக்கக் கூடாது என்பதால் வீட்டில் இருந்தேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பையோடு ஒருவர் வந்து மச்சினன் பெயரைச் சொன்னார்.

“இது அவர் வீடுதானுங்களா? புதுசா சேரப்போற கம்பெனிக்காக முகவரி விசாரிக்க வந்திருக்கேன்.”

அறிமுகமில்லாதவர் காகிதத்தோடு வந்து யார் பெயரையாவது கேட்டால், அப்படி யாரும் இல்லை என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவர் சோதனைக்கு வந்த அதிகாரியாக இருக்கலாம், ஆள் இழுக்க வந்தவராகவும் இருக்கலாம். ஆனால் இவர் யார் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

“அப்படி ஆளு இங்கன இல்லீகளே.”

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் மனைவி போனும் கையுமாக வந்தாள். “விசாரிக்க வந்தவன் முகவரி பொய்யின்னு எழுதிட்டானாம். புது வேல நிக்குது. தம்பி பழைய வேலையையும் விட்டுட்டானே. எந்த வெளங்காதவன் சொன்னானோ, அவன் வாயி அழுகிப்போவ.”

போனை வாங்கினேன். “மாப்ள, அந்த வெளங்காதவன் நான்தான்.”

“ஆபீசருன்னு நெனச்சிட்டீகளா மச்சான்?” என்றான்.

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். “இல்ல மாப்ள. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“சரி, மறுபடி ஆள் அனுப்பச் சொல்லுதேன். இந்தத் தடவ அக்கா பேசட்டும்,” என்று வைத்துவிட்டான்.

ஆள் வந்தார். மனைவி பேசினாள். நான் கொல்லையில் நின்றேன். அவன் புது வேலையில் சேர்ந்துவிட்டான். இப்போது மனைவிக்கு மட்டும்தான் போன் வருகிறது. அவள் என் தட்டில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

நேற்று அவளாகவே பேசினாள். “இன்னொரு கம்பெனியும் கூப்பிடுதாம் என் தம்பிய.”

எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

ஆடி பதினேழு, சனிக்கிழமை.