யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்

மேஸ்திரியம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஐந்து பேருக்கு அவர்தான் தலை. வயது ஐம்பத்தொன்று. சுவரைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். வீட்டுக்காரர் வந்து, "அந்த மூலைய அப்படியே விட்டுடுங்க" என்றால், ஏன் என்று கேட்காமல் விட மாட்டார். கணவர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். மகள் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள்.

ஒரு நாள் வேலை முடிந்து, சுவரைத் தேய்த்ததில் உடம்பெல்லாம் ஒட்டியிருந்த பட்டித் தூளைக் கழுவும்போது வலது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. மறுநாளே தானே போய் மார்பைப் படம் எடுத்துக்கொண்டார். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று வந்தது. பதினெட்டு மில்லிமீட்டர்.

அதுவரை எல்லாம் அவர் கையில் இருந்தது. பிறகுதான் கணவரின் அண்ணன் உள்ளே நுழைந்தார். குடும்பத்தில் எது நடந்தாலும் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறவர். தனக்குத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அந்த அறையில் மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தார்கள். மேஸ்திரியம்மாவைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய இருங்கம்மா, நாங்க பேசிக்கிறோம்" என்றார் டாக்டர். அவரும் மரியாதைக்கு எழுந்து வந்துவிட்டார். அன்று எழுந்து வந்ததை நினைத்து இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்வார்.

உள்ளே கால் மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்த அண்ணன், "சின்ன ஆபரேஷன்தான். திங்கக்கிழமை. நீ ஒண்ணும் யோசிக்காத" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒரு நர்ஸ் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்றாள். கணவரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. மேஸ்திரியம்மா வாங்கிப் படித்தார். 'வலது மார்பகத்தை முழுமையாக நீக்குதல்' என்று எழுதியிருந்தது. மறுபடி ஒரு தடவை படித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "முழுசாவா எடுக்கறாங்க? எனக்குக் கட்டிய மட்டும்தான் எடுத்தாங்க. அப்புறம் கரண்ட், அதான் ரேடியேஷன், வச்சாங்க. உங்களுக்கு அப்படிச் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

முடியும், முடியாது என்று யாராவது ஏதாவது சொல்லியிருந்தால்தானே.

பணியில் இருந்த இளம் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். அவர் கோப்பைப் புரட்டினார். "உங்க கட்டி அளவுக்கு அந்த வழியும் இருக்கும்மா. ஆனா உங்க வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டாங்களே."

"எங்க வீட்டுல யாரு?"

"உங்க வீட்டுக்காரரும் அவரு அண்ணனும்."

"கட்டி அவங்க ரெண்டு பேருல யாருக்கு இருக்கு?"

இளம் டாக்டர் கோப்பை மூடினார். மேஸ்திரியம்மா மருத்துவமனை அங்கியைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் புடவையைக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றார்கள்.

"உன்னப் பயமுறுத்த வேணாம்னு அண்ணன் சொன்னாரு" என்றார் கணவர்.

"அறுத்து எடுக்கறதுல பயமில்ல. அத என்கிட்ட சொல்றதுலதான் பயமா?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். முப்பது வருடமாகச் சமையலறைக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட மனைவியைக் கேட்காமல் செய்யாத மனிதர். ஒரு வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் அது எப்படி மறந்துபோனது என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்கு வந்து குதித்தார். டாக்டர் முன்னால் தன் மானம் போய்விட்டதாம். "பிள்ளையப் பெத்து ஆளாக்கியாச்சு. இந்த வயசுல அது இருந்தா என்ன, போனா என்ன?"

மேஸ்திரியம்மா நிதானமாகத்தான் கேட்டார். "உங்களுக்கு என்னைவிட ஏழு வயசு கூட மாமா. உங்க உடம்புல எதெல்லாம் இனிமே தேவையில்லைன்னு நாங்க உக்காந்து பேசி முடிவு பண்ணட்டுமா?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். அண்ணன் அன்றைக்குப் போனவர்தான், மூன்று மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

அதே வாரம் அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போனார். மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே இருந்த டாக்டர் தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். கணவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தபோது, "அம்மா சொல்லட்டும்" என்று நிறுத்தினார். படம் வந்த உறையின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுப்பது ஒரு வழி. அதற்குப் பிறகு மூன்று நாலு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சுக்கு வர வேண்டும். எடுத்த சதையின் ஓரத்தில் நோய் மிச்சம் தெரிந்தால் இரண்டாம் தடவையும் வெட்ட வேண்டிவரலாம். முழுவதும் எடுப்பது இன்னொரு வழி. அதில் கதிர்வீச்சு ஒருவேளை தேவைப்படாமல் போகலாம். விரும்பினால் பிறகு மார்பைத் திரும்ப அமைத்துக்கொள்ளலாம். "உங்க நிலைமைக்கு ரெண்டுலயும் ஆயுசு ஒண்ணுதாம்மா. எது வேணும்ங்கறத நீங்கதான் சொல்லணும்."

"நான் பெயிண்ட் அடிக்கறவ. கை தூக்க முடியுமா?"

அக்குளில் நோய் முதலில் பரவக்கூடிய நெறிக்கட்டியை மட்டும் எடுத்துச் சோதிப்பார்களாம். அது சுத்தமாக இருந்தால் மற்றதைத் தொட மாட்டார்கள், கைக்கும் சேதம் குறைவு. அந்தத் தனியார் மருத்துவமனையில் எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கேயே அழுதார். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

ஒன்பது நாள் யோசித்தார். கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். ஏன் என்று தங்கை கேட்டதற்கு, "என் உடம்பு. எனக்கு வேணும். இதுக்கு மேல காரணம் வேணுமா?" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. நெறிக்கட்டி சுத்தம். ஆனால் பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில், எடுத்த சதையின் இரண்டு பக்க ஓரத்திலும் நோய் தெரிந்தது. மறுபடி சுற்றி வெட்டலாம், ஆனால் ஓரம் இந்தத் தடவை சுத்தமாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டு நாள் டைம் கேட்டார் மேஸ்திரியம்மா. அந்த இரண்டு நாளும் தன் வீட்டு ஜன்னல் கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் போய், "முழுசா எடுத்துடுங்க. திரும்ப அமைக்கறது வேணாம். இன்னும் ரெண்டு ஆபரேஷன், இன்னும் ஆறு மாசம் படுக்கை, எனக்கு ஆகாது" என்று சொல்லி, படிவத்தைப் படித்துப் பார்த்துத் தானே கையெழுத்துப் போட்டார்.

அந்த அறுவை சிகிச்சையும் முடிந்தது. செய்தி கேட்டு அண்ணன் திரும்ப வந்தார். கையில் பழப்பை, முகத்தில் வெற்றி. "கடைசியில நான் சொன்னதுதானே நடந்துச்சு? ரெண்டு வெட்டு வாங்கினதுதான் மிச்சம்."

"நீங்க சொன்னது நடக்கல மாமா. நான் சொன்னது நடந்திருக்கு."

அவருக்கு வித்தியாசம் விளங்கவில்லை. தெருவிலும் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. "முதல்லயே எடுத்திருக்கலாமே" என்று அனுதாபம் போலச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேஸ்திரியம்மாவுக்கு வெட்டுக் காயத்தைவிட அதுதான் அதிகம் எரிந்தது. ஆனால் அந்தத் தடவை கணவர் வாயைத் திறந்தார். "அண்ணே, அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு உக்காருங்க. இல்லன்னா கிளம்புங்க." அண்ணன் கிளம்பினார். பழப்பை மட்டும் தங்கியது.

ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். தினமும் ஒரு மாத்திரை, பல வருடத்துக்கு. மேல்கூரைக்கு ரோலர் தூக்கினால் தோள் இழுக்கிறது. அதனால் கூரையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறார். சட்டைக்குள் பஞ்சு வைத்துக்கொள்வதில்லை. உற்றுப் பார்க்கிறவர்களைத் திருப்பி உற்றுப் பார்க்கிறார், அவர்களாகப் பார்வையை எடுக்கும்வரை.

அந்தத் தனியார் மருத்துவமனைக்கு மகளை வைத்து ஒரு கடிதம் எழுதினார். 'என்னிடம் இரண்டு வழிகளையும் சொல்லாமல் என் ஆபரேஷனுக்கு நாள் குறித்தது ஏன்?' என்ற ஒரே கேள்விதான். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. உறையில் கணவரின் பெயர் இருந்தது. எல்லா நடைமுறைகளும் பின்பற்றப்பட்டதாகவும், தங்கள் துணைவியார் விரைவில் நலம்பெற வாழ்த்துவதாகவும் எழுதியிருந்தார்கள்.

கணவர் அதைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "இன்னொண்ணு எழுது" என்றார் மகளிடம். எழுதி அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.