சிங்கனின் வண்டியைப் பார்க்க வந்தவர்கள்

சிங்கன், இன்றைக்கு உங்கள் வண்டியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

(புதிதாக வாசிப்பவர்களுக்கு: சிங்கன் என் மனுசன். சொந்தப் பெயர் வேறு. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் கூப்பிட்டது இதுதான். ஆளைப் பார்த்தால் ஐந்தடி மூன்றங்குலம்.)

வண்டி என்றால் கேம்பர். உள்ளுக்குள் படுக்கக் கட்டில், சமைக்கக் குசினி எல்லாம் இருக்கிறது. இங்கே கிரின்ஸ்டெட்டில் பக்டரி வேலை முடிந்து பென்சன் வந்தவுடன் வாங்கின பழைய வண்டி.

இந்தக் குளிர் அவருடைய முழங்காலுக்கு ஆகாது. அதனால் மாரி முழுக்க ஸ்பெயினில் ஒரு கடற்கரைப் பக்கம் போய் நிற்போம்.

கொரோனா தொடங்கின மாரிதான் கடைசி.

அவர் போன பிறகு வண்டி வாசலிலேயே நிற்கிறது. சக்கரத்தில் பாசி. எனக்கு வண்டி ஓடத் தெரியாது.

"அம்மா, அதைக் குடுத்திடுங்கோ" என்று மகள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். எனக்கும் களைத்துவிட்டது. சரி என்றேன்.

இன்று ரண்டர்ஸ் ஊரிலிருந்து ஒரு தமிழ்ச் சோடி வந்தது. மனுசன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். மனுசி உள்ளே ஏறினா.

"அக்கா, இன்னும் கறித்தூள் மணக்குது."

"அது போகாது தங்கச்சி. வண்டியோடை சேர்த்தி."

சிரித்துக்கொண்டு, சிங்கன் இருந்து வண்டி ஓடுகிற சீற்றில் ஏறி இருந்தா. கதவுப் பைக்குள் கையை விட்டா.

"இது ஆற்றை குளிசை அக்கா?"

நாலு வெறும் அட்டை, மாத்திரை எல்லாம் எடுத்து முடிந்தவை. ஸ்பானிஷ் எழுத்து. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், தமிழே தட்டித் தடவித்தான். அவ போனில் போட்டுப் பார்த்துச் சொன்னா.

"காய்ச்சல் குளிசை."

சிங்கன் குளிசை போடாத ஆள். என்ன வருத்தம் வந்தாலும் கொத்தமல்லிதான்.

நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன்.

அந்த மாரி அங்கே கடைகளைப் பூட்டத் தொடங்கினார்கள். பொலிஸ் ஒலிபெருக்கியோடு வந்து எல்லாரையும் உள்ளே போகச் சொன்னது. பக்கத்து வண்டிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். ஊர்ச் சண்டையில் கண்ட ஊரடங்கை எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

மகள் போனில் அழுதாள். "எல்லையைப் பூட்டுறாங்கள் அம்மா, வாங்கோ."

சிங்கன் அசையவில்லை. "அரிசி கிடக்கு, வெயில் கிடக்கு. அடங்கட்டும், ஆறுதலாப் போவம்."

"நீங்கள் வராட்டி நான் தனியப் போறன்."

"எதிலை? நடந்தோ?"

அதோடு நான் கதைக்கவில்லை.

மறுநாள் காலை "பாண் வாங்கியாறன்" என்று ரொட்டிக் கடைக்குப் போனவர், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"பாண் எங்கை?"

"முடிஞ்சுதாம். வெளிக்கிடும், போவம்."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

எந்தப் பயணத்திலும் நான் முன்னால்தான் இருப்பேன். தோடம்பழம் உரித்துக் கொடுப்பது, அவர் வழி பிழைத்தால் ஏசுவது, இரண்டும் என் வேலை. அன்று ஏறப் போனேன்.

"நீர் பின்னாலை இரும்."

இடையில் இருந்த திரையையும் இழுத்து விட்டார்.

நாலு நாள். பிரான்ஸ், ஜெர்மனி, எங்கும் வண்டி நிறுத்தித் தங்குகிற கேம்ப் எல்லாம் பூட்டு. பெற்றோல் செட்டுகளில் நிறுத்தி, ஓடுகிற சீற்றிலேயே படுத்தார். பின்னால் கட்டில் இருந்தும் வரவில்லை.

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டே வண்டி ஓடினார். தேத்தண்ணி நீட்டினால் கையில் வாங்கவில்லை. "அதிலை வையும், எடுக்கிறன்."

சரியான கோபம் என்று விளங்கிக்கொண்டேன். எனக்கும் ரோசம். திரைக்குப் பின்னாலேயே இருந்தேன்.

ஒருக்கா மட்டும் கேட்டார். "குளிருதோ?"

"இல்லை" என்றேன். நல்லாய்க் குளிர்ந்தது.

வீட்டு வாசலில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தார். அடுத்த நாள் அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடாத காலம் அது. தாதி போனைப் பிடித்துக் காட்டினா. வாயில் குழாய். என்னால் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

திரும்பி வரவில்லை.

எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

என்னோடு கோபத்தில் போய்விட்டார் என்றுதான் இத்தனை காலமும் இருந்தேன். மகளுக்கும் சொல்லவில்லை. இதை வாசித்தால்தான் தெரியும். (அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. போன் வாசித்துச் சொல்லும்.)

அந்தப் பாண் கடைக்குப் பக்கத்துக் கதவு மருந்துக்கடை. இன்றுதான் நினைவு வந்தது.

ரண்டர்ஸ்காரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. "அக்கா, ஏதும் செய்யுதோ?"

"இல்லை. நீர் வாகனம் ஓடுவீரோ?"

"இவர்தான் ஓடுறது. நான் பக்கத்திலை நித்திரை."

"லைசன்ஸ் எடுத்திட்டு வாரும். வண்டி உமக்குத்தான். வேறை ஆருக்கும் குடுக்கமாட்டன்."

வெளியில் நின்ற மனுசன் சிரித்தார். "அப்ப இந்தச் சென்மத்திலை இல்லை அக்கா."

"நீங்கள் சும்மா இருங்கோ," என்று அவரை அடக்கிவிட்டு அவ கேட்டா. "எவ்வளவு காலம் பொறுப்பியள் அக்கா?"

"சக்கரம் உக்கும் மட்டும்."

போய்விட்டார்கள். அட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். முன் சீற்றில், நான் எப்போதும் இருக்கிற பக்கம், கொஞ்ச நேரம் ஏறி இருந்தேன்.

சிங்கன், அப்ப அது கோபம் இல்லைத்தானே?