அட்டை சொல்லும்

யாருடைய கார் என்றெல்லாம் பார்க்க மாட்டார். தெருவோரம் ஒரு வண்டி நின்றால் போதும். கையிலிருக்கும் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை ஊன்றி, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பார். "எஞ்சின்ல சொட்டுது... கியர் பாக்ஸ் பரவாயில்ல..." என்று முனகிக்கொண்டே எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வார். ஒருமுறை வண்டிக்குள் ஆள் இருந்தது. "என்னய்யா தேடுற?" என்று அந்த ஆள் கத்த, "உங்க மானம் போயிட்டிருக்கு சார், துளித்துளியா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

தெரு அவருக்கு வைத்த பெயர் 'சொட்டு மெக்கானிக்'. வீட்டிலும் அதே கதைதான். குளியலறைக் குழாய், மடக்கி வைத்த குடை, டீ ஊற்றும் பாத்திரம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "இதுக்கு வாய் சரியில்ல" என்பார் பாத்திரத்தைக் காட்டி. வீட்டு வாசலிலேயே இருக்கும் பட்டறையின் பாதி இடத்தில் கார் சீட் உறை தைக்கிற அவர் மனைவி, "இந்த வீட்டுல அதுக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தையலைத் தொடர்வார்.

டிஃபரன்ஷியல்தான் அவருடைய தனி வேலை. பழைய கார்களில் பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய் போல ஓர் இரும்புப் பெட்டி தொங்கும். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பற்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். கழற்றி மாட்டினால் அந்தப் பெட்டி ஒழுகும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று மற்ற பட்டறைகளில் கையை விரித்துவிடுவார்கள். இவருக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும். "ஒழுகறது வண்டியோட வயசால இல்ல, மாட்டினவன் அவசரத்தால."

அவசரம் என்பது அவரிடம் கிடையாது. பெட்டியின் விளிம்பில் காய்ந்து கிடக்கும் பழைய பசையைச் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைப்பார். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் விளிம்பைச் சுற்றி வருவார். மணல் பொடி ஒன்று தட்டுப்பட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான். புதுப் பசையை போல்ட் துளைகளின் உட்புறமாக அறுபடாத ஒரே கோடாக இழுக்கும்போது மூச்சு விட மாட்டார். அந்த நேரத்தில் தையல் இயந்திரமும் ஓடக் கூடாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். மேலே இருக்கும் சின்னக் காற்றுக் குழாயை வாயால் ஊதிப் பார்ப்பார். "உள்ள மூச்சு முட்டிச்சுன்னா எண்ணெய் வெளிய வர வழி தேடும்."

பசை ஒரு ராத்திரி இறுக வேண்டும். மறுநாள்தான் எண்ணெய். பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாகக் கைப்பம்பால் ஏற்றுவார். நிறைந்து, துளையின் உதட்டில் ஒரு சொட்டு வழிந்தால் அளவு சரி. அவர் மன்னிக்கிற ஒரே சொட்டு அதுதான். அதையும் தோள் துணியால் உடனே துடைத்துவிட்டுத் துளையை மூடுவார். கடைசியில், புதுச் சட்டைக்குள் வைத்து வருகிற வெள்ளை அட்டைகளை ஒட்டி வண்டிக்கு அடியில் விரிப்பார். ஒழுகல் நிற்குமா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "நான் சொல்ல மாட்டேன். அட்டை சொல்லும்."

போன மாதம் தங்கையின் கார் வந்தது. மலை மேல் ஒரு பள்ளியில் அவளுக்குப் புது வேலை. கணவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வாய் மட்டும் நன்றாக ஓடும். "மச்சான், எங்க வண்டி உங்க வாசலுக்கு வந்தாத்தான் அழுவுது. பொறந்த வீட்டுப் பாசம் போல!" என்றான் தரையிலிருந்த எண்ணெய்க் கறையைக் காட்டி.

அது தைத்துவிட்டது. அன்று மாலையே பெட்டியை மாட்டி முடித்தவர், வழக்கத்துக்கு மாறாக அப்போதே அட்டையையும் விரித்துவைத்தார். காலையில் மாப்பிள்ளை கண்ணில் அது பட வேண்டும்.

பட்டது. இவர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தபோது மாப்பிள்ளை அட்டையை உருவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான்! ஒரு சொட்டு இல்ல!"

"நான் சொல்ல மாட்டேன்..." என்றார் இவர், வாயில் நுரையோடு.

"அட்டை சொல்லும்!" என்று தங்கை முடித்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சாவி கை மாறியது. பைகள் ஏறின. கார் தெருமுனை திரும்பியது.

அட்டையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். தள்ளி நின்று அழகு பார்த்தார். பின்னால் பெருக்கிக்கொண்டிருந்த மனைவி கேட்டார்: "ஏங்க, இந்த எண்ணெய் டப்பா மூடியே திறக்கலயே. திருப்பிக் குடுத்துடலாமா?"

அவர் டப்பாவை வாங்கினார். கனத்தது. சுவரில் அட்டை பளீரென்று வெள்ளையாக இருந்தது. எண்ணெயே இல்லாத பெட்டி எங்கிருந்து சொட்டும்?

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"ஊத்தல."

"என்ன ஊத்தல?"

"ஊத்தவே இல்லடி."

உலர்ந்த பற்சக்கரங்கள் சூடேறும், ஒன்றையொன்று கடிக்கும், ஏதோ ஒரு வளைவில் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். மலைப்பாதையில் அது எந்த வளைவாகவும் இருக்கலாம். தங்கைக்குப் போன் அடித்தார். எடுக்க மாட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போனைத் தொடக் கூடாது என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். மாப்பிள்ளையின் போன் எந்தப் பைக்குள் கிடந்ததோ, அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்கூட்டர் சாவி துளைக்குள் போக மறுத்தது. மனைவி அதைப் பிடுங்கிச் செருகினார். "நீங்க ஓட்டுங்க. டப்பாவையும் பம்பையும் நான் புடிச்சுக்கறேன்."

வழி நெடுகச் சாலையைப் பார்த்துக்கொண்டே போனார். பின்தொடர ஒரு துளித் தடம்கூட இல்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம்.

மலை அடிவாரத்து பெட்ரோல் பங்க்கில் கார் நின்றது. தங்கை உள்ளங்கையை ஊன்றி, கன்னம் தரையில் பட, அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் ஸ்கூட்டரை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடினார்.

"வாங்க மச்சான்! ஏதோ உய்யுனு சத்தம் வருதாம், நிறுத்திட்டா. கீழதான் ஒரு சொட்டு இல்லையே, பேசாம மலை ஏறுன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கறா."

"அழுவுற மாதிரி இருக்குண்ணா" என்றாள் அவள், எழாமலே.

அவர் அடியில் ஊர்ந்தார். புறங்கையால் பெட்டியைத் தொட்டார். சுரீரென்று இழுத்துக்கொண்டார். பிறகு ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். சுற்றியது. உள்ளே எங்கோ லேசாக நறநறத்தது.

"எண்ணெய் ஊத்தாம குடுத்துட்டேம்மா."

மாப்பிள்ளை ஒரு கல்லை எடுத்துவந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். தங்கை மலைப்பாதையை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"மலை ஏற வேணாம்" என்றார். "ஊத்திட்டு மெதுவா வீட்டுக்குத் திரும்பலாம். நான் பிரிச்சுப் பாக்கணும்."

சூடு தணிந்ததும் மனைவி வெளியே குந்திக் கைப்பம்பை அழுத்தினார். அவர் மல்லாந்து படுத்து, திறந்த துளைக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார்.

"வந்துச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"அழுத்து... இன்னும்..."

துளையின் உதட்டில் எண்ணெய் மினுங்கியது, திரண்டது, கையில் விழுந்தது. துடைக்கிற துணி தோளிலேயே கிடந்தது. அவர் விரல்களை மெல்ல மடக்கி, அந்தச் சொட்டை மூடிக்கொண்டார்.