குளி நாள்

அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபோது மூன்று பொருள்கள் கொடுத்தார்கள்: ஒரு சந்தன மாலை, ஒரு கைக்கடிகாரம், ஒரு பாஸ். பாஸில் அப்பாவின் பெயர், கடைசியாக ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ஊர், எந்தெந்த ஊர் வரை போகலாம், என்று முடிகிறது என்பதெல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. அம்மாவைப் பற்றி ‘மனைவி, 1’ என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது.

“ஏளா, அது வெறும் ஃபாரம். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க” என்றார் அப்பா.

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் தந்திப் பயிற்சி முடித்துவிட்டுத் தூத்துக்குடித் தந்தி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை வாடகைக்கு இருந்தது. அப்பாவும் அம்மாவும் திருச்சி, மதுரை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி வாரத்தை என்னோடு கழிக்க ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினார்கள். ரேஷன் காலம் என்பதால் அம்மா அரிசியையும் சுமந்துகொண்டு வந்திருந்தாள். பாஸ் சனிக்கிழமையோடு முடிகிறது.

அன்று சாயங்காலம், போன இடங்களில் என்னென்ன பார்த்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் சொன்னதை நான் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். மலைக்கோட்டை: படியேறினால் மூச்சு வாங்கும் என்பதால் அடிவாரத்தில் பைகளுக்குக் காவல். அணைக்கட்டு: வெயில் என்பதால் சத்திரத்தில் சமையல். மதுரைக் கோயில்: அம்மன் சந்நிதி மட்டும், மண்டபங்களுக்கு நேரமில்லை. மூச்சு வாங்கும் என்று யார் சொன்னது? அப்பா. வெயில் ஆகாது என்று யார் முடிவு செய்தது? அப்பா. ஆற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு தினமும் மேடேறி வந்தவள் அம்மா. அவள் இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டோம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை நான் லீவு போட்டு இருவரையும் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் கூட்டிப்போனேன். திரும்பும் வழியில், சங்கு குளிக்கப் போய்வந்த வள்ளங்கள் கரையில் நின்றன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏளா, அதுல ஏறிப் போனா கரை எம்புட்டாத் தெரியும்?”

“தெரியலம்மா. நான் போனதில்ல.”

“எனக்கு அதை ஒரு தடவை பார்க்கணும்.”

எனக்கு நினைவு தெரிந்து அம்மா தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் வந்தார். “அதுக்கென்ன, நான் ஏற்பாடு பண்ணுதேன்” என்றார்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது அப்பா கரைக்குப் போய் ஒரு வள்ளக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னது இதுதான்:

“நாளைக்கு விடியக்காலம் வரச் சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு. குளி நாள்ல பொம்பளையாள ஏத்த மாட்டாங்களாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நீ தலைக்குக் குளிச்சிராத.”

எங்கள் ஆற்றங்கரை வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். குளி நாள் என்றதும் அப்பாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏழு மாதமாக அந்தக் கரையில் குடியிருந்தவள் நான். பரிமாறிக்கொண்டே ஏதோ கடல்காரர்களின் வழக்கம் என்று விட்டுவிட்டேன். அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் வெள்ளிக்கிழமைக் குளியலை விட்டதில்லை.

“சரி, ஒரு வெள்ளிதான?” என்றாள்.

வெள்ளிக்கிழமையும் நான் லீவு போட்டேன்; விடியற்காலையில் மூவரும் கரைக்குப் போனோம். அம்மா எண்ணெய் படாத தலையை இறுக்கி முடிந்து, நல்ல சேலை உடுத்தியிருந்தாள். வள்ளத்தில் குளியாட்கள் ஏழெட்டுப் பேர், இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் அவசரமாகத் துணியைச் சரிசெய்துகொண்டார்கள். வள்ளக்காரர் திகைத்துப்போனார்.

“என்னய்யா, அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கிய? குளி நாளுன்னு சொன்னேன்லா?”

அம்மா முன்னால் வந்து, “நான் குளிக்கலையே அண்ணாச்சி” என்றாள்.

வள்ளத்திலிருந்து ஒருவன், “அம்மா குளிக்காட்டா என்ன, நாங்க குளிக்கணும்லா!” என்றான். இன்னொருவன், “அடுத்த குளிக்கு அம்மாவையே இறக்கி விடுவோம், சங்கு தானா வந்து ஏறும்” என்றான். வள்ளமே ஆடும்படி சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வள்ளக்காரர் அவர்களை அதட்டிவிட்டு, “முங்கிச் சங்கு எடுக்கிறதைத்தான் இங்கன குளின்னு சொல்லுவோம்மா. ஆம்பளைய அரைத்துணியோட நிப்பாங்க, அதான்” என்றார்.

அம்மா தலையைத் தடவிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அப்பா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். “சரி, நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நான் பார்த்துட்டு வந்து எல்லாத்தையும் விவரமாச் சொல்லுதேன்.” தண்ணீரில் நாலு எட்டு வைத்து ஏறிக்கொண்டார். கரைக்காற்றில் பாய் விரிந்தது.

மதியம் கடல்காற்று எழும்பியதும் வள்ளம் திரும்பியது. அம்மாவும் நானும் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு நின்றோம். வள்ளக்காரர் அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, அம்மாவிடம், “ஞாயித்துக்கிழமை குளி கிடையாதும்மா. மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் எங்க வீட்டுப் பொம்பளைய எல்லாம் முயல்தீவுக்குப் போறாவ. நீங்களும் வந்துருங்க. ஐயாகிட்ட நேத்தே சொல்லிட்டேனே” என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“சனிக்கிழமை பாஸ் முடியுது. சொல்லி என்ன ஆவப்போவுது?” என்றார் அப்பா.

என் வேலையில் ஒரு தந்தியின் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைக் கொடுக்காமல் விட்டால் வேலை போய்விடும். குளி என்ற சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதை மன்னிக்கலாம். அது காதின் பிழை. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லை அவர் சரியாகக் கேட்டார், சரியாகப் புரிந்துகொண்டார், அதைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பது அவருடைய முடிவு. இதைக் குரலை உயர்த்தாமல் அன்று மாலை அவரிடம் சொன்னேன்.

“படிக்க வச்சதுக்கு நல்லாப் பேசுத” என்றார்.

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, “நான் ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாரேன்” என்றாள்.

“பாஸு?”

“திரும்புறதுக்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கேன்” என்றேன்.

“அப்போ நான் தனியாப் போகவா?”

அம்மா ரசம் ஊற்றினாள். சனிக்கிழமை காலையில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா அதை வாங்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தார். கடைசி நிமிஷத்தில் அவள் பின்னாலேயே வருவாள் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தி ஆபீஸ் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறந்திருக்கும். அன்று என் முறை. அம்மாவைக் கரையில் வள்ளக்காரர் வீட்டுப் பெண்களோடு விட்டுவிட்டு, பத்து மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒன்பதரைக்கு எங்கள் ஊர் ஆபீஸ் கூப்பிட்டது. தந்திக் கருவியில் கட்டு கடவென்று விழுந்த எழுத்துகளை எழுதிக்கொண்டே வந்தவள், முகவரியில் என் பெயரைக் கண்டு நிமிர்ந்தேன். செய்தி இதுதான்: ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மாவை உடனே அனுப்பு.’

விதிப்படி நான் பெற்றுக்கொண்டேன் என்று அடித்துவிட்டு, விதிக்கு மாறாக ஒன்று கேட்டேன்: கொண்டு வந்து கொடுத்தது யார்?

ஒரு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: பெரியவரே வந்தார். நல்ல கையெழுத்து. எதிர்க் கடையில் இட்லி சாப்பிடுகிறார்.

அந்தத் தாள் என் கையில் இருந்தது. மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சாயங்காலம் கொடுத்திருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். கரைக்கு நடந்த அந்தத் தூரம் முழுவதும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அவள் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று இன்னொருவர் முடிவு செய்வதுதானே என் கோபம்? அப்பா செய்ததை நானும் செய்வதா? அம்மாவிடம் தாளைப் படித்துக் காட்டினேன். எதிர்முனை ஆள் சொன்னதையும், இட்லி வரைக்கும், ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள். “இட்லி சாப்பிடுதாவளா?” என்றாள். “ஆமா.” சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கடல் அன்று தகடாகக் கிடந்தது. வள்ளக்காரரின் மனைவி அம்மாவை முன்னால் உட்காரவைத்து, “திரும்பிப் பாருங்க, நம்ம கோயில் எம்புட்டுச் சின்னதா ஆயிட்டு” என்றாள். அம்மா திரும்பினாள். கோயில் கோபுரம், பண்டகசாலைகள், உப்புக் குவியல்கள் எல்லாம் ஒரு விரல் அளவுக்குள் அடங்கியிருந்தன. அவள் கேட்டது அதுதான். அது அவள் கண் முன்னால் இருந்தது.

அவள் கண் அதைத் தாண்டி வடமேற்கே, ரயில் போகும் திசையில் இருந்தது.

“காலைல வெறும் வயித்துல இருந்திருப்பாவ. அதான் கடையில சாப்பிட்டிருப்பாவ” என்றாள். பிறகு, “வேட்டி துவைச்சு வைக்கல” என்றாள்.

தீவில் மற்றப் பெண்கள் சோற்றுப் பானையை இறக்கி நிழல் பார்த்தார்கள். அம்மா மணலில் கால் வைத்து, கொஞ்ச நேரம் நின்று, என்னிடம் வந்தாள்.

“ஏளா, மூணு மணி வண்டி கிடைக்குமா?”

வள்ளக்காரர் முகம் சுளிக்காமல் எங்கள் இருவருக்காக மட்டும் வள்ளத்தைத் திருப்பினார். திரும்பும் வழியில் அம்மா மடியில் கை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி வந்தாள். கரை பெரிதாகிக்கொண்டே வந்ததை அவள் பார்க்கவில்லை. வண்டி கிடைத்தது.

தந்தியை மறைக்காமல் நான் செய்தது சரி. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. பத்து சொல்லுக்குள் ஒரு தந்தி அடித்து, ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து, அந்த வள்ளத்திலும் அப்பா ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏற்றிவிட்டது என் கை. அந்தக் கோபத்தை இறக்கி வைக்க எனக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.