பாலத்துக்கு அந்தப் பக்கம்

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டிய ஒரே பெண் அம்மாதான். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர்ப் பள்ளிக்கு என்னையும் சேர்த்து ஆறு பிள்ளைகளை ஏற்றிப் போவாள். நான் நான்காவது படித்தபோது, ஒரு காலையில் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். காக்கிச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. “மூச்சு வரலபா, செத்துடுவேன் போல இருக்குது” என்றாள், ஓடிவந்தவரிடம்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை, திடீரென்று பயம் இப்படி உடம்பைப் பிடித்து உலுக்கும், உயிரை எடுக்காது, ஆனால் நடிப்பும் இல்லை என்றார் டாக்டரம்மா. பெரியப்பாவின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

“ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்க இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு ஊட்ல குந்திக்கினு இருக்குற?”

அம்மா இரண்டு வாரம் வண்டியைத் தொடவில்லை. பிள்ளைகள் ஒரு வேனுக்கு மாறினார்கள்.

பிறகு ஒரு மாலை என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை ஓட்டித் திரும்பினாள். மறுநாள் பால் பூத் வரை. “இவ்ளோதானா?” என்று சலித்துக்கொள்வேன். “நீ பேசிக்கினே வாம்மா, போதும்” என்பாள். நானும் பள்ளிக்கதைகளை அளப்பேன். திரும்பும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனதை நான் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்தின் முனைக்கே வந்துவிட்டோம். அன்று காலை தலைவாரும்போது என்னை அடித்திருந்தாள். அந்தக் கோபத்தில் வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. அம்மா வண்டியை நிறுத்தினாள்.

“எதனா பேசுமா.”

முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணை மூடி, நீளமாக மூச்சை வெளியே விட்டாள். மறுபடியும், மறுபடியும். “வரட்டும். வந்துட்டுப் போவட்டும்” என்று முணுமுணுத்தாள். எதிரே வரும் லாரிகளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். லாரிகள் போய் வெகுநேரம் கழித்துத்தான் வண்டியைக் கிளப்பினாள்.

அதற்குப் பிறகும் இரண்டொரு முறை அந்தப் பயம் அவளைப் பிடித்ததுண்டு. ஓரமாக நிறுத்திக் காத்திருந்துவிட்டு ஓட்டுவாள், வீட்டில் உட்காரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தைக் கடந்ததும் வண்டியை நிறுத்தி, முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நான் பேசாததால்தான் அழுகிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. “சரி, உட்டுடு. பேசறேன்” என்றேன், பெரிய மனதுடன்.