டச்சுக் குதிரைக்கு விபூதி

எங்கள் ஷிஃப்டில் என் வாயை அடைக்கக் கன்வேயர் பெல்ட் சத்தத்தாலேயே முடியாது என்பார்கள். அப்படிப்பட்டவன் ஒரு விஷயத்தில் மட்டும் பன்னிரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை.

என்னோடு கன்வேயரில் வேலை பார்த்த பாய் ஒரு வெள்ளிக்காசு வைத்திருந்தார். பரங்கிப்பேட்டையில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது அவருடைய வாப்பா கண்டெடுத்த பழைய டச்சுக் காசு. குதிரைமேல் ஒருவன் கத்தியோடு போவான். மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு என்று அதை வாங்கிப்போய், திரும்பும் வழியில் தொலைத்தேன். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று பாயிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

இந்த வருடம் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போகிறார் என்றதும், போவதற்குள் காசைக் கேட்பார் என்று தோன்றியது. அதே காசின் நகலை ஹாலந்தில் இப்போதும் வெள்ளியில் அடித்து விற்கிறார்கள் என்று மகள் போனில் தேடிக் காட்டினாள். பழசு போலவே கருக்க வைத்த ஒன்றை வரவழைத்தேன். அதையே வாப்பாவின் காசு என்று கொடுத்துவிடுவது என் திட்டம். இந்த மூளையை நம்பி எனக்கு எப்படி வேலை கொடுத்தார்களோ.

கொடுக்கப்போகிற அன்று காலையில் பார்த்தால் காசு பளபளவென்று இருந்தது. மனைவி விபூதி போட்டுத் தேய்த்திருந்தாள்.

“வெள்ளியப் போய் யாராச்சும் இவ்ளோ கருப்பா வெச்சிருப்பாங்களா? குங்குமச் சிமிழோட சேத்துத் தேச்சிட்டேங்க.”

வேறு வழியில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். பாய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“பீரோவுலயே பத்தரமா இருந்துச்சு பாய். தேச்சு எடுத்தாந்தேன்.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“யோவ், எங்க வாப்பா காசுல குதிரைக்குத் தலையே தேஞ்சிப் போயிருக்கும். இது லகானோட ஓடுது. பன்னெண்டு வருஷமா உன் பீரோவுல என்னத்தப் போட்டு வளத்த?”

“தொலச்சிட்டேன் பாய்.”

“தெரியும்யா. மறுநாள் ஷிஃப்ட் முழுக்க நீ பேசாம ஒக்காந்துகினு இருந்தியே, அன்னிக்கே தெரியும்.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீ வேற ஷிஃப்டுக்கு மாத்திக்கினு ஓடியிருப்ப. எட்டு மணி நேரம் எனக்கு யாரு பேச்சுத்தொண?”

காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “வாப்பாதுன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீ குடுத்ததுன்னே வெச்சிக்கிறேன். வா, இந்தக் கயித்தப் புடி.”

பிடித்தேன். மதியம் வரை அவர் காட்டிய பெட்டிகளையெல்லாம் கட்டினேன், தூக்கினேன். அவ்வளவு நன்றியோடு நான் வேறெந்த வேலையும் பார்த்ததில்லை.