கோதுமைமேல் போட்ட பழி

யுத்த காலத்து பம்பாயில் தன் வயிற்றைப் பற்றிப் புலம்பாத தமிழரை நான் பார்த்ததில்லை. ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அதன் பிறகு மாட்டுங்காவில் தலைவலி, மூட்டுவலி, பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது, எல்லாவற்றுக்கும் கோதுமைதான் காரணம். நானும் அந்தக் கட்சிதான்.

ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா வேலை. மாட்டுங்காவில் ஒரு மாடி அறை. என்னோடு சில வருஷம் அதில் இருந்த நண்பன் கல்யாணமாகி, டில்லிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சமைப்பான், நான் பாத்திரம் தேய்ப்பேன். சாப்பிடும்போது இருவருமாகச் சேர்ந்து மேனேஜரைக் கிழித்துத் தோரணம் கட்டுவோம். அவன் போன மாதமும் அரிசி குறைந்த மாதமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அதனால்தான் நான் ஏமாந்தேன்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நானே இட்ட சப்பாத்தியைத் தின்பேன். அதைச் செருப்புக்கு அட்டையாகத் தைத்திருக்கலாம். பிறகு பூப்பந்து ஆட மைதானத்துக்குப் போவேன். பக்கத்துக்கு ஐந்து பேர், கம்பளி நூல் பந்து, நடுவில் ஒரு வலை. ஆடத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் தின்றது தின்றபடி நெஞ்சுக்கு ஏறிவரும். மட்டையைப் போட்டுவிட்டு வேலி ஓரம் ஓடி வாந்தி எடுப்பேன்.

எங்கள் கேப்டன் ஒரு பேங்க் ஆசாமி. ஒருநாள் நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது சொன்னார்: "ஓய், உம்ம வயித்தை நம்பி டீமை எறக்க முடியாது. ஞாயித்துக்கிழமை செம்பூர்ல மாட்ச். அங்கேயும் இப்படி ஓடினீர்னா அதுக்கப்புறம் வேற ஆளைப் போட்டுக்கறேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பயமும்தான். ஆபீஸில் நான் ஒரு மேஜை, ரயிலில் ஒரு முழங்கை. அந்த மைதானத்தில் மட்டும்தான் யாராவது என் பேரைச் சொல்லி, "உன் பந்து, எடுடா!" என்று கத்துவார்கள். அதுவும் போய்விட்டால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அந்த வாரம் முழுவதும் ஆட்டம் கிடையாது. வேளைக்கு வேளை கோதுமைக் கஞ்சி. ரேஷன் அரிசியைத் தொடாமல் வைத்திருந்து, ஞாயிறு காலையில் குழைய வடித்துத் தயிர்விட்டுப் பிசைந்து தூக்கில் எடுத்துக்கொண்டேன். குர்லாவில் வண்டி மாறும்போதுகூட அந்தத் தூக்கைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டிருந்தேன்.

செம்பூரில் எதிர் டீம்காரர் ஒருவர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அந்த வீட்டு மாமி மலைபோலச் சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் கறியும் செய்து வைத்திருந்தாள். நான் ஓர் ஓரமாகப் போய்த் தூக்கைத் திறந்ததுதான் தாமதம்.

"ஏண்டா, தயிர்சாதமா? தனியா ஒளிச்சு வச்சிண்டு திங்கறியா?"

பிடுங்கினார்கள். பத்துப் பேர் கைக்கும் போய், தூக்கு காலியாகத் திரும்பி வந்தது. மாமி சிரித்துக்கொண்டே என் இலையில் சப்பாத்தியைப் போட்டாள். கேப்டன் தன் மேனேஜரைப் போல நடித்துக் காட்டினார். எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. எத்தனை சப்பாத்தி உள்ளே போயிற்று என்று எனக்கே தெரியாது. கை கழுவும்போதுதான் தின்றதெல்லாம் கோதுமை என்பது உறைத்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

ஆட்டத்தில் இறங்கினேன். இப்போது வரும், இதோ வரும் என்று பாதிக் கவனம் வயிற்றிலேயே இருந்தது. ஒன்றும் வரவில்லை. பிறகு அதை மறந்தேபோனேன். தோற்றுத்தான் போனோம், ஆனால் பின்வரிசையில் நான் விட்ட பந்து அதிகமில்லை. கேப்டன் என் முதுகில் தட்டி, "அடுத்த வாரமும் நீர்தான் ஓய்" என்றார்.

சந்தோஷமாக மாட்டுங்கா திரும்பி, பசியோடு அடுப்பு மூட்டி, மிச்சமிருந்த அரிசியை வடித்தேன். பூப்போல நல்ல சாதம். ரசம்விட்டுப் பிசைந்து உட்கார்ந்தேன். இரண்டாவது கவளத்துக்குமேல் இறங்கவில்லை. மைதானத்தில் வருவதுபோலவே நெஞ்சுக்கு ஏறி வந்தது. அறையில் சத்தமே இல்லை. இனிமேல் கோதுமையைத் திட்டக்கூட வழியில்லை. தனியாக இருக்கிறேன், தாங்க முடியவில்லை: அவ்வளவுதான் என் வியாதி.

சாதத்தை மூடிவைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த மெஸ்ஸுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஏகக் கூட்டம். சாப்பிடுகிறவர் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும், அவர் எழுந்தால் உட்கார ஒருவர் நிற்பது அங்கே வழக்கம். நானும் நின்று ஓர் இடம் பிடித்தேன். இலை விழுந்ததும் அவசர அவசரமாகப் பிசைந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர், யாரோ எவரோ, குனிந்து சொன்னார்: "மெதுவா சாப்பிடுங்கோ. நான் நிக்கறேன், ஒண்ணும் அவசரமில்லே."

கண்ணில் நீர் முட்டிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மோர்சாதம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தேன். எழுந்து இடம் விட்டபோதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.